துண்டுக்கு அடியில விரல்

நாப்பது வருசம் மாட்டுத் தரகு பார்த்தவனுங்க நான். வாயைத் தொறந்து பல்லைப் பார்த்தா வயசு சொல்லுவேன். நாலு எட்டு நடக்க விட்டா எந்தக் காலு பின்னால வம்பு பண்ணும்னு சொல்லுவேன். சாணியைப் பார்த்தே முந்தாநாள் வச்ச தீவனம் என்னன்னு சொன்னதுண்டு. அது வித்தையில்லீங்க, வேற வேலை இல்லாதவனுக்கு வர்ற பழக்கம். அப்படிப்பட்டவனை என்ர மக சான் பிரான்சிஸ்கோ பக்கம் கூட்டிட்டுப் போயி ஆறு மாசம் சோபாவுல கட்டிப் போட்டுட்டா. கட்டுத்தரை இல்லை, சந்தை இல்லை, டீக்கடை பெஞ்சு இல்லை. பேரன் இருந்தான். பேரன் முன்னால டிவி இருந்துச்சு. டிவியில எந்நேரமும் பேஸ்பால்.

ஆட்டம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கிட்டிப்புள்ளுக்கு லாட்டரியில பணம் விழுந்தா என்ன கோலம் ஆகுமோ, அதுதான் பேஸ்பால். ஒருத்தன் எறிவான், ஒருத்தன் உலக்கைக்குத் தம்பி மாதிரி உருண்டைக் கட்டையைத் தூக்கிட்டு நிப்பான். அடிச்ச பந்து வேலியைத் தாண்டி விழுந்தா ஹோம் ரன், நம்ம சிக்சர் மாதிரி. ஒரு அணி வருசத்துக்கு 162 ஆட்டம் ஆடோணும். பத்துத் தடவை மட்டையோட நின்னு மூணு தடவை உருப்படியா அடிச்சா அவன் பெரிய ஆட்டக்காரன். மிச்சம் ஏழு தடவை தோத்ததை ஆரும் கேக்கறதில்லை. இதைக் கேட்டதும் எனக்கு ஆட்டம் புடிச்சுப் போச்சு. தரகுலயும் அதே கணக்குத்தானுங்களே.

பக்கத்து ஊட்டுல ஒரு வெள்ளைக்காரப் பெரியவரு. என்ர வயசுதான் இருக்கும். பொறந்து வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸ், அதனால நீலத் தொப்பி, டாட்ஜர்ஸ் கட்சி. பேரன் கருப்பு ஆரஞ்சுத் தொப்பி, ஜெயன்ட்ஸ் கட்சி. இந்த ரெண்டு அணியும் ஒரு காலத்துல நியூயார்க்குல குடியிருந்த பங்காளிக. 1957 ஆட்டம் முடிஞ்ச கையோட மூட்டையைக் கட்டிட்டு மேற்கே வந்து, 1958ல இருந்து ஒண்ணு வடக்கே ஒண்ணு தெக்கேன்னு குடியேறிருச்சு. அத்தனை தூரம் வந்தும் வரப்புத் தகராறை மட்டும் மறக்காம வண்டியில ஏத்திட்டு வந்திருக்காங்க.

ஞாயித்துக்கிழமை பொழுதோட வேலிக்கு அக்கட்ட அவரு கறி சுடுவாரு, இக்கட்ட பேரன் நிப்பான். நடுவுல எனக்கு ஒரு நாற்காலி. பேச்சு எங்கே ஆரம்பிச்சாலும் கடைசியில ஒரே ஆளுகிட்டப் போயித்தான் நிக்கும். பேரி பாண்ட்ஸ். ஜெயன்ட்ஸுக்கு ஆடினவரு. 2001ல ஒரே வருசத்துல 73 ஹோம் ரன். அதுக்கு முந்தி அவரோட அதிகபட்சம் 49. வாழ்நாள் மொத்தம் 762. ரெண்டு கணக்கையும் இன்னிவரைக்கும் ஆரும் தாண்டலை.

"முப்பத்தேழு வயசுல எந்த மனுசனுக்குப் புதுசா உடம்பு வருது? தலையே பெருசாகிப் போச்சு, பார்த்தீங்களா?"ங்கறாரு நீலத் தொப்பி. "உழைப்பு. கண்ணு. மணிக்கட்டு"ங்கறான் பேரன். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னாங்க. பிட்ஸ்பர்க்ல ஆடுன காலத்துப் படம் ஒண்ணு, பிந்தின படம் ஒண்ணு, ரெண்டையும் போன்ல காட்டினாங்க. கண்ணாடி போட்டு ஒரு தரம், போடாம ஒரு தரம் பார்த்தேன். பழைய படத்துல மூங்கக்கழி. புதுப் படத்துல தேர்வடம் இழுக்கற தோளு. பேரன் என்ர மொகத்தையே பார்த்துட்டு நிக்கறான், பாவம்.

"வயசானா மனுசன் கொஞ்சம் பூசின மாதிரி ஆகறது சகஜந்தான் கண்ணு. உங்கப்பா ஆகலையா?"ன்னேன்.

பேரன் அதையும் மொழிபெயர்த்துத் தொலைச்சான். நீலத் தொப்பிக்காரரு சிரிச்ச சிரிப்புல ஒரு பக்கம் கறி கருகிப் போச்சு. மாப்பிள்ளை ரெண்டு நாளு எங்கூடப் பேசலை.

அந்தப் பாண்ட்ஸ் கதையில எனக்குப் புடிச்ச இடம் ஒண்ணு இருக்குதுங்க. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெக்கே பர்லிங்கேம்னு ஒரு ஊரு. அங்கே பால்கோன்னு ஒரு கம்பெனி, சத்து மருந்து விக்கறோம்னு சொல்லிட்டு இருந்திருக்காங்க. 2003 செப்டம்பர்ல அதிகாரிக உள்ளே பூந்து பார்த்தா, விசயம் வேற. மேலுக்குத் தடவறதுக்கு ஒண்ணு, அதுக்குப் பேரு 'கிரீம்'. நாக்குக்கு அடியில விட்டுக்கறதுக்கு ஒண்ணு, அதுக்குப் பேரு 'க்ளியர்'. சோதனையில சிக்காத மாதிரியே காய்ச்சின சரக்கு அது. அந்த வருசக் கடைசியில பாண்ட்ஸைக் கூப்பிட்டு விசாரிச்சப்ப, பயிற்சியாளர் குடுத்தாரு, ஆளி விதை எண்ணெய்ன்னும் மூட்டுவலித் தைலம்னும் நெனச்சுத்தான் வாங்கிக்கிட்டேன்னு சொல்லியிருக்காரு.

இதைப் போன்ல என்ர ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன். "முப்பது வருசமா முழங்காலுக்கு விளக்கெண்ணெய் தேய்க்கறீங்க, ஒரு வரப்பைத் தாண்டிக் காட்டுங்க பார்க்கலாம்"னுட்டா.

வழக்கு இழுத்துச்சு. 2007ல குத்தப் பத்திரிகை, 2011ல விசாரணையைக் கெடுத்தாருன்னு ஒரே ஒரு குத்தம் மட்டும் நின்னுச்சு, 2015ல அதுவும் மேல்கோர்ட்டுல கழண்டுருச்சு. ஆனா அந்தப் பயிற்சியாளர் இருக்கறாரே, அவரைக் கூண்டுல ஏத்திக் கேட்டா வாயே தொறக்கலை. கோர்ட்டை அவமதிச்சதுக்காக ஒரு வருசத்துக்கு மேல ஜெயில்ல கிடந்தாரு, அப்பவும் தொறக்கலை. பேரன்கிட்டச் சொன்னேன்: "நல்லவனோ கெட்டவனோ தெரியாது கண்ணு, எங்க சந்தையில பொறந்திருந்தா பெரிய தரகனா வந்திருப்பான்."

அது சரி, மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டிங்கறது அமெரிக்காவுலயும் உண்டான்னு தெரிஞ்சுக்க ஆசை வந்துச்சு. பேரனைத் தனியாக் கூப்பிட்டு, "அவரு கட்சியில ஆரும் மாட்டலையா?"ன்னு கேட்டேன். பையன் மொகத்துல மத்தாப்பு. 2009ல டாட்ஜர்ஸ் கொண்டாடின மேனி ரமிரெஸ், பொம்பளைகளுக்குக் கரு உண்டாகறதுக்குக் குடுக்கற மருந்து உடம்புல இருந்துச்சுன்னு 50 ஆட்டம் வெளியே உக்கார்ந்தவரு. ஸ்டீராய்டு போட்டு நிறுத்தினவங்க உடம்பு பழைய நெலைக்கு வர்றதுக்கு அதையும் எடுத்துக்குவாங்களாம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஒண்ணுந் தெரியாத மாதிரி ஆரம்பிச்சேன். "மேனின்னு ஒருத்தர் உங்க அணியில இருந்தாராமுங்களே, நெம்ப நல்லா அடிப்பாராமே?"

மனுசனுக்குக் கண்ணே கலங்கிருச்சு. என்ன மட்டை, என்ன சடை, என்ன சிரிப்புன்னு பத்து நிமிசம். தண்டனை முடிஞ்சு திரும்பி வந்தப்ப அரங்கமே கைதட்டி வரவேத்துச்சாம். "அந்த மருந்து விசயம்...?"னு இழுத்தேன். "அது அவரு டாக்டர் பண்ணின கோளாறு"ன்னாரு, கறியைத் திருப்பிக்கிட்டே. பேரன் குதிச்சான் பாருங்க!

"கீழே எறங்கு கண்ணு"ன்னேன். ஏன்னா முந்தின நாள் ராத்திரி மாப்பிள்ளை, கோவம் தீர்ந்து, என்ர காதுல ஒண்ணு ஓதியிருந்தாரு. "2012ல உங்க ஜெயன்ட்ஸுல மெல்கி கப்ரேரான்னு ஒருத்தர் இருந்தாரே, அவரு இப்ப சௌக்கியமா?"

பத்துக்கு மூணுன்னு சொன்னேனே, மெல்கி அந்த வருசம் அதையும் தாண்டி .346 அடிச்சவரு. நட்சத்திரங்க மட்டும் ஆடற ஆட்டத்துல முதல் பரிசு வாங்கினவரு. ஆகஸ்ட்ல மாட்டி 50 ஆட்டம் போச்சு. தெரியாம வாங்கின ஏதோ களிம்புல மருந்து கலந்திருந்துச்சுன்னு சொல்றதுக்காக, அவரு ஆளு ஒருத்தரு இல்லாத களிம்புக்கு ஒரு வலைத்தளத்தையே உண்டாக்கி, அதுவும் பிடிபட்டுப் போச்சு. பொய்ச்சாட்சி கேள்விப்பட்டிருக்கேன், பொய்க்கடை கட்டிக் காட்டினதை இப்பத்தான் கேக்கறேன். பேரன், "அவரு இல்லாமத்தான் அந்த வருசம் கோப்பை ஜெயிச்சோம்"ங்கறான். "சரி, மாட்டறதுக்கு முன்னால அவரு அடிச்சு ஜெயிச்சுக் குடுத்த ஆட்டத்தையெல்லாம் எதிராளிகிட்டத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?"ன்னேன். அன்னிக்குக் கறி அமைதியாத் தின்னோம்.

சாக்குச் சொல்றதைப் பத்தி இவங்களுக்கு நான் ஒரு பாடமே நடத்தினேனுங்க. சந்தையில, "மாடு உதைக்குமா?"ன்னு கேட்டா, உதைக்காதுன்னு சொல்லக் கூடாது. "இதுவரைக்கும் என்னை உதைச்சதில்லீங்க"ன்னு சொல்லோணும். அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. இந்த ஆட்டக்காரங்க ரொம்பப் பேரு, "நான் எந்தச் சோதனையிலும் மாட்டினதில்லை"ன்னாங்களாம். சபாஷ்! சோதனையே 2003லதான் ஆரம்பிச்சிருக்குது. அந்த மொத வருசமும் பேரு சொல்ல மாட்டோம், தண்டனை இல்லை, எத்தனை பேரு சாப்பிடறாங்கன்னு சும்மா எண்ணிப் பார்க்கறோம்னுதான் எடுத்திருக்காங்க.

இந்த நுணுக்கம் தெரியாத ஆளு ரஃபேல் பல்மேரோ. 2005 மார்ச்ல நாடாளுமன்றக் குழு முன்னால உக்கார்ந்து, விரலை நீட்டி, ஸ்டீராய்டைத் தொட்டதே இல்லைன்னாரு. அதே வருசம் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாட்டிக்கிட்டாரு. கூட ஆடினவரு குடுத்த பி12 ஊசியில ஏதாச்சும் வந்திருக்கலாம்னாரு. விரலை நீட்டினவன் கையைக் கீழே எறக்கறதுக்கு நாலரை மாசம்தான் ஆச்சு. அதுக்கு முந்தி இதே மனுசரு வேறொரு மாத்திரைக்கு விளம்பரத்துல வந்தவராம். என்ன மாத்திரைன்னு கேட்டேன். பேரன் சொல்லக் கூச்சப்பட்டான். அவன் கூச்சப்பட்டதுல எனக்குப் புரிஞ்சுருச்சு, அப்புறம் நான் கூச்சப்பட்டேன். 2022ல சான் டியேகோ பையன் ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர் படர்தாமரைக்குப் போட்ட மருந்துல வந்துருச்சுன்னு சொன்னாரு. 80 ஆட்டம் போச்சு. எங்க ஊர்ல பாதிப் பேருக்குப் படர்தாமரை உண்டு. அந்தக் கணக்குல பார்த்தா நாங்க உலகக் கோப்பையே ஜெயிச்சிருக்கோணும்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பு வராத வருசம் ஒண்ணு இருக்குது, 1998.

அதுக்கு நாலு வருசம் முன்னால, 1994ல, ஆட்டக்காரங்களுக்கும் முதலாளிகளுக்கும் சம்பளத் தகராறு முத்தி வேலைநிறுத்தம் ஆகி, அந்த வருசக் கடைசிக் கோப்பை ஆட்டமே நின்னு போச்சு. சனங்க மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அப்படியிருக்கறப்பத்தான் 1998ல மார்க் மக்வயர், சாமி சோசான்னு ரெண்டு பேரு போட்டி போட்டு வேலியைத் தாண்டி அடிக்க ஆரம்பிச்சாங்க. ரோஜர் மேரிஸ் 1961ல அடிச்ச 61தான் அதுவரைக்கும் உச்சம். அந்த மேரிஸ் பாவம், அவருக்கு முந்தி உச்சமா இருந்த பேப் ரூத்தோட 60ஐத் தாண்டப் போறாருங்கறதுக்காகச் சனங்க குடுத்த தொந்தரவுல முடியே கொத்துக் கொத்தாக் கொட்டிப் போச்சாம், மருந்தெல்லாம் சாப்பிடாமலே. 1998 செப்டம்பர் 8ஆம் தேதி மக்வயர் 62ஆவது அடிச்சாரு. மேரிஸோட புள்ளைகளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. நாடே அழுதுச்சாம். கடைசியில மக்வயர் 70, சோசா 66. மொகத்தைத் திருப்பிக்கிட்ட சனம் அத்தனையும் டிக்கெட்டு வாங்க வரிசையில நின்னுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது ஒரு பாட்டில். அந்த ஆகஸ்ட்லயே மக்வயரோட அலமாரியில ஒரு பாட்டில் இருந்ததை ஒரு பத்திரிகைக்காரரு பார்த்து எழுதிட்டாரு. ஆண்ட்ரோஸ்டீன்டயோன். ஒளிச்செல்லாம் வைக்கலை, தட்டு மேல இருந்துச்சு. ஒலிம்பிக்ல அதுக்குத் தடை, அமெரிக்கக் கால்பந்துலயும் தடை. பேஸ்பால்ல மட்டும் தடையில்லை. சரி, ஊரு ஆரைத் திட்டுச்சுன்னு நெனைக்கறீங்க? பாட்டில் வச்சவரை இல்லீங்க. பார்த்தவரை.

எனக்கு இது புதுசே இல்லை. கறவை மாடு விக்கறவன் முதல் நாள் பொழுதோட பால் கறக்க மாட்டான். மறுநாள் சந்தையில மடி கனிஞ்சு, தரையைத் தொடற மாதிரி நிக்கும். விக்கறவனுக்குத் தெரியும். தரகனுக்குத் தெரியும். சுங்கம் வாங்கறவனுக்குத் தெரியும். வாங்க வந்தவனுக்கும் முக்காவாசி தெரியும். ஆனா அப்பேர்ப்பட்ட மடியைப் பார்த்ததும் அந்த முக்காவாசியை மறந்து போறதுல ஒரு சொகம் இருக்குது. ஊட்டுக்குப் போயி ரெண்டு நாள் கழிச்சுப் பால் பாதியாக் கொறைஞ்ச பொறகுதான் எல்லாரும் சேர்ந்து, "ஐயையோ, ஏமாத்திட்டான்"பாங்க.

அமெரிக்காவுல 1990லயே ஸ்டீராய்டைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டாச்சு. 1991ல பேஸ்பால் தலைவர் எல்லா அணிக்கும் சாப்பிடாதீங்கன்னு சுத்தறிக்கை விட்டாரு. அப்புறம் பன்னெண்டு வருசம் சோதனை கிடையாது. வேலி போட்டாச்சுன்னு தோட்டத்துல நோட்டீசு ஒட்டிட்டு வேலி போடாம விட்ட கதைதான். ஆட்டக்காரங்க சங்கம் சோதனை வேண்டாம்னுச்சு. முதலாளிக டிக்கெட்டுக் காசை எண்ணிட்டு இருந்தாங்க, எண்றவன் பேசினா கணக்குத் தப்பிப் போகும்.

அந்த எடத்துலதான் நீலத் தொப்பிக்காரருக்கு எங்க தொழில் ரகசியத்தைச் சொல்லிக் குடுத்தேன். சந்தையில நாங்க விலையை வாயால பேச மாட்டோமுங்க. ரெண்டு பேரு கையையும் ஒரு துண்டால மூடிக்குவோம். உள்ளே விரலைப் புடிச்சுப் பேசிக்குவோம். ஒரு விரலுன்னா இத்தனை, நாலு விரலுன்னா இத்தனை. வெளியே மொகம் கல்லு மாதிரி இருக்கும். சுத்தி நூறு பேரு நிக்கலாம், உள்ளே என்ன நடந்துச்சுன்னு ரெண்டே பேருக்குத்தான் தெரியும். மனுசன் கறி துடைக்கற துணியை எடுத்துட்டு வந்து அரை மணி நேரம் பழகினாரு. நல்ல கை. "1998ல இந்தத் துண்டுக்கு அடியில எத்தனை கை இருந்துச்சுன்னு எண்ணுங்க பார்க்கலாம்"னேன். ஆட்டக்காரன் கை, முதலாளி கை, டிவிக்காரன் கை, பத்திரிகைக்காரன் கைன்னு எண்ணிட்டே வந்தவரு நிறுத்திட்டாரு. அந்த செப்டம்பர்ல அவரும் மகனைத் தோள் மேல தூக்கிட்டுக் கத்தினவருதானாம்.

கையைப் பத்திப் பேசறப்ப இன்னொண்ணு. அப்பத் தலைவரா இருந்தவரு பட் செலிக். 1998ல கைதட்டிக் கொண்டாடினாரு. 2007 ஆகஸ்ட்ல பாண்ட்ஸ் 755 அடிச்சு, வாழ்நாள் கணக்குல அதுவரைக்கும் முதல்ல இருந்த ஹேங்க் ஆரனைத் தொட்டப்ப, அதே மனுசரு ரெண்டு கையையும் பைக்குள்ள விட்டுட்டு நின்னாரு. அதை எனக்குப் படத்துல காட்டினாங்க. ஒன்பது வருசத்துல கை எங்கிருந்து எங்கே போயிருக்குது பாருங்க. மக்வயர் அதே 2005 நாடாளுமன்றக் குழு விசாரணையில, பழசைப் பேசறதுக்கு நான் வரலைங்கறதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாரு. 2010ல சாப்பிட்டது வாஸ்தவந்தான்னு ஒத்துக்கிட்டு, மேரிஸோட சம்சாரத்துக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்காரு. தாமசந்தான். ஆனாலும் அந்த ஒரு போன் எனக்குப் புடிச்சுது.

கூப்பர்ஸ்டவுன்ல புகழ் மண்டபம்னு ஒண்ணு இருக்குது. உள்ளே படம் மாட்டோணும்னா பத்திரிகைக்காரங்க நூத்துக்கு 75 பேரு ஓட்டுப் போடோணும், பத்து வருசம் வரைக்கும் வாய்ப்பு. 2022ல கடைசி வாய்ப்புல பாண்ட்ஸுக்கு 66, பந்து எறியற ரோஜர் கிளெமென்ஸுக்கு 65. கதவு சாத்திருச்சு. அதே வருசம் பாஸ்டன் அணி டேவிட் ஓர்டிஸ் 77.9 வாங்கி உள்ளே போனாரு. 2003ல பேரு சொல்ல மாட்டோம்னு எடுத்தாங்களே, அந்தப் பட்டியல்ல அவரு பேரும் இருந்துச்சுன்னு 2009ல பத்திரிகையில வந்துச்சு. அந்தச் சோதனையில சிலது சரியான்னே சந்தேகம்னு பின்னால வந்த தலைவர் சொல்லிட்டாரு. ஓர்டிஸ் சிரிச்ச மொகம். பாண்ட்ஸ் பத்திரிகைக்காரங்களைப் பார்த்தா மூஞ்சியைத் தூக்கிக்குவாரு. ஓட்டுப் போடறது ஆருன்னு மறுபடியும் ஒருக்கா படிச்சுப் பாருங்க. மக்வயரோட பயிற்சியாளர் டோனி லாரூசா 2014ல உள்ளே. செலிக்கும் 2017ல உள்ளே. கல்யாண விருந்து முடிஞ்சு, சமையக்காரனை நெய்த் திருடன்னு வெளியே தள்ளிட்டு, பந்தி விசாரிச்சவருக்கு மாலை போட்ட மாதிரி இருக்குதுன்னேன். பேரன் இதை மொழிபெயர்க்கச் சிரமப்பட்டான். நெய்யை என்னன்னு சொல்றதுன்னு தெரியலையாம்.

பாண்ட்ஸ் ஆரனைத் தாண்டின 756ஆவது பந்து மண்டபத்துக்குப் போயிருச்சுங்க. ஏலத்துல ஒருத்தர் ஏழரை லட்சம் டாலருக்கு எடுத்தாரு. ஏழரைங்கறதைக் கவனிங்க. சனங்ககிட்ட ஓட்டுக் கேட்டு, அதுல ஒரு நட்சத்திரக் குறியைச் சூடு போட்டு அனுப்பி வச்சாரு. அடிச்சவரு வெளியே, சூடு வாங்கின பந்து உள்ளே.

இத்தனை கேட்டதும் பேரன் வேற பக்கம் சாய்ஞ்சுட்டான். ஆரு நல்லா அடிச்சாலும், "அப்புச்சி, இவனும் மருந்துதான்"ங்க ஆரம்பிச்சான். ஏமாந்தவன் எல்லாத்தையும் நம்பறதை விட்டுட்டு எல்லாத்தையும் சந்தேகப்படுவான். ரெண்டுலயும் பல்லைப் புடிச்சுப் பார்க்கற வேலை மிச்சம். அதனால அவனை உக்கார வச்சு, கணக்கு எடுக்கச் சொன்னேன்.

டேவி ஜான்சன்னு ஒருத்தர். 1973ல 43 ஹோம் ரன். பெரிய லீக்குல மத்த எந்த வருசத்துலயும் 18ஐத் தாண்டலை. அந்தக் காலத்துல அவரை ஆரும் சந்தேகப்படலை. 1996ல பிராடி ஆண்டர்சன் 50 அடிச்சாரு. முன்னேயும் பின்னேயும் அவரோட உச்சம் 24. எதுவும் நிரூபிக்கலை, இல்லவே இல்லைங்கறாரு, ஆனாலும் இருபது வருசம் கழிச்சும் அவரைப் பார்த்தாச் சனங்க கண்ணடிக்கறாங்க. ரெண்டு பேரு கணக்கும் ஒரே மாதிரிதான் இருக்குது. வருசம் மட்டுந்தான் வேற. மேரிஸுக்கே 61ஐ விட்டா அடுத்த உச்சம் 39. ஹேங்க் ஆரன் தன்னோட அதிகபட்சமான 47ஐ அடிச்ச வருசம் அவருக்கும் முப்பத்தேழு வயசு. எங்க தோட்டத்து மாமரம் ஒரு வருசம் கொம்பு ஒடியற மாதிரிக் காய்ச்சுது. அதுக்கு முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. வேருல நான் என்னமோ ஊத்தினேன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரன் சாகற வரைக்கும் சொல்லிட்டுத்தான் செத்தான்.

2009ல ராவுல் இபான்யஸ்னு பிலடெல்பியா ஆட்டக்காரரு. முப்பத்தேழு வயசு (இந்த முப்பத்தேழுக்கு என்ன தோசமோ!), திடீர்னு அடி வெளுக்கறாரு. ஒரு ரசிகரு கணக்கெல்லாம் போட்டு அலசிட்டு, கடைசியில சந்தேகமும் வரத்தானே செய்யும்னு எழுதிட்டாரு. இபான்யஸுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ரத்தம் எடுத்துக்கோ, மூத்திரம் எடுத்துக்கோ, முடி எடுத்துக்கோ, மலத்தையும் எடுத்துக்கோன்னு சொல்லிட்டாரு. கடைசிப் பண்டத்தைச் சொன்னதும் எனக்கு அவரு மேல நம்பிக்கை வந்துருச்சு. அதைக் குடுக்கறேன்னு சொல்றவன் பெரும்பாலும் சுத்தமான ஆளுங்க. என்ர அனுபவம்.

"மருந்து போட்டா மட்டையில பந்து தானா வந்து படுமா?"ன்னு பேரனைக் கேட்டேன். பந்து கையை விட்டுக் கெளம்பி மட்டைக்கு வர்றதுக்கு அரை நொடி கூட ஆகாது. அதைப் பார்க்கற கண்ணை எந்த ஊசியும் குடுக்காது. இது பேரன் கட்சி, சரிதான். ஆனா தசை ஏறினா மட்டை கொஞ்சம் வேகமாச் சுத்தும், வேலிக்குப் பக்கத்துல புடிபட வேண்டிய பந்து வேலிக்கு அக்கட்ட விழும். நூத்தம்பதாவது ஆட்டத்துலயும் உடம்பு அசராது. இது நீலத் தொப்பிக் கட்சி, அதுவும் சரிதான். அப்புறம் ரெண்டு பேரும் மறந்து போனது ஒண்ணு: பந்து. எல்லாக் காலத்தையும் விட அதிக ஹோம் ரன் விழுந்தது ஸ்டீராய்டு காலத்துல இல்லை. சோதனையெல்லாம் கெட்டியா நடந்துட்டிருந்த 2019ல, மொத்தம் 6,776. ஆராய்ஞ்சு பார்த்தா பந்தோட தையலு லேசா மாறி, காத்து அதைப் புடிச்சு நிறுத்தறது கொறைஞ்சிருக்குது. ஊரே வண்டிக்காரனை மொறைச்சுட்டு நின்னா அச்சாணிக்கு மை போட்டவனை ஆரு பார்க்கறா?

இன்னொரு கதையைச் சொல்லிட்டு நிறுத்திக்கறேன். இந்த வம்பெல்லாம் புதுசுன்னு நெனைக்காதீங்க. 1889ல பட் கால்வின்னு பிட்ஸ்பர்க்ல பந்து எறிஞ்சவரு, மிருகங்களோட விதையில இருந்து எடுத்த சாறை ஊசியாப் போட்டுக்கிட்டு ஆடினாரு. ஜெயிச்சாரு. பத்திரிகை அவரைத் திட்டலீங்க. மருந்து எப்படி வேலை செய்யுது பாருங்கன்னு புகழ்ந்துச்சு. 1965ல அவரு படமும் அந்தப் புகழ் மண்டபத்துல ஏறிருச்சு. எங்க ஊர்ல அதே சரக்கை மொளகு போட்டு வறுத்துத் திங்கறவங்க உண்டு. மண்டபத்துல இருந்து இன்னும் ஆரும் கூப்பிடலை. பந்துல கிரீஸ் தடவி எறிஞ்ச கெய்லார்ட் பெர்ரி, ஆடிட்டிருக்கறப்பவே அதைப் புத்தகமா எழுதி வித்தாரு. 1991ல அவரும் உள்ளே. திருட்டுக்கு நாள் ஆக ஆகச் செல்லம் கூடுதுங்க.

ஊருக்குக் கெளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. பேரனும் நீலத் தொப்பிக்காரரும் வேலிக்கு ரெண்டு பக்கமும் நின்னு, ஆறு மாசத்துல மொத தடவையாக் குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. பங்காளிக கூடினா மூணாவது ஆளுக்கு ஆகாதுன்னு எனக்கு அப்பவே ஒரு நெனப்பு. பேரன் வந்து கையைக் கட்டிட்டு நின்னான்.

"அப்புச்சி, நெசத்தைச் சொல்லுங்க. நீங்க உங்க தரகுல மடி கட்டின மாட்டை வித்திருக்கீங்களா?"

கண்ணாடியைக் கழட்டினேன். துண்டுல நிதானமாத் துடைச்சேன். மறுபடி மாட்டிக்கிட்டேன்.

"பழசைப் பேசறதுக்கா கண்ணு இத்தனை தூரம் பிளேன் ஏறி வந்தேன்?"

பேரன் தலையில அடிச்சுக்கிட்டு அதை மொழிபெயர்த்தான். நீலத் தொப்பிக்காரரு சிரிக்கலை. கறி துடைக்கற துணியை எடுத்துக் கையில போட்டு மூடிக்கிட்டு, வேலிக்கு மேல நீட்டினாரு. மொகம் கல்லு மாதிரி. நல்லாத்தான் பழகியிருக்காரு. தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்குதுங்களே, நீட்டின கையை ஒதுக்கக் கூடாது. துணிக்குள்ள கையை விட்டேன். வருசத்துக்கு இத்தனைன்னு விரலைப் புடிச்சேன். அவரு புருவம் மட்டும் லேசா ஏறி எறங்குச்சு.

வந்து ரெண்டு மாசம் ஆச்சு. பேரன் இன்னும் போன் போட்டுப் புலம்பறான். எத்தனை விரலுன்னு அந்த மனுசரு வாயே தொறக்க மாட்டேங்கறாராம்.